ஈரச் சாக்கு

சாளையின் கண்ணுக்குப் பின்னால் தூண்டில் முள்ளைக் குத்தி, வயிற்றோரமாகச் செலுத்தி, நுனியை வெளியே எடுத்தபோது கோயில்பிச்சை நினைத்தது மீனைப் பற்றி அல்ல, சாக்கைப் பற்றி. ஈரமாகத்தான் இருக்கும். அதற்குள் காய்ந்திருக்காது. விடியும் நேரத்தில், கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், வாளி நிறைய மொண்டு, மடிப்பு மடிப்பாய்ப் பிரித்து ஊற்றியிருக்கிறான். தண்ணீர் தரையெல்லாம் ஓடி வடிகாலில் இறங்கும்வரை ஊற்றியிருக்கிறான். அவ்வளவு குடித்த சாக்கு அதற்குள் எப்படிக் காயும். அங்கே வெயிலும் கிடையாது. மிசின் ரூமின் பின்பக்கம், கேஸ் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து, அங்கே எந்தக் காலத்தில் வெயில் எட்டிப் பார்த்தது. ஆனால் மேலே தகரம். ஆனி மாசத்துத் தகரம், ஒன்பது மணிக்கெல்லாம் டப் டப்பென்று விரிய ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தம் காதில் கேட்டது போலிருந்தது, கேட்க வழியில்லை, அவன் இருந்தது அலைதடுப்புக் கற்களின் கடைசி முனையில், கம்பெனி எங்கேயோ ஊருக்குள், நடுவில் மொத்தக் கடற்கரையும் கிடந்தது. ஈயக்குண்டைச் சுழற்றி எறியாமல், கல்லோரமாகவே மெதுவாக இறக்கினான். தங்கூசி நரம்பு விரல் வழியே ஓடியது. ஒரு ஆள் ஆழம், இரண்டு ஆள் ஆழம், அப்புறம் மொத்தென்று ஒரு தொடல். அங்கேதான் அந்தப் பொந்து. அங்கேதான் அது இருக்கிறது. புள்ளிக் களவா. போன மாசம் ஒரே இழுப்பில் தங்கூசியை அறுத்துக்கொண்டு போன புள்ளிக் களவா, கல்லுக்கு மேலே ஒருமுறை முதுகைக் காட்டி, துருப்பிடித்த தகரத்தில் மழைத்துளி விழுந்த மாதிரி அத்தனை புள்ளிகளையும் காட்டிவிட்டு உள்ளே போனது. இன்றைக்கு அதற்காகத்தான் வந்திருக்கிறான். அதற்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. வேறு எதற்காக ஒருவன் ஞாயிற்றுக்கிழமை டபுள் ஷிப்டை விட்டுவிட்டு வந்து கல்லில் உட்காருவான். அமோனியாவைத் தண்ணீர் விழுங்கிக்கொள்ளும், அதுதான் விஷயம், அது எல்லா ஐஸ் கம்பெனிக்காரனுக்கும் தெரிந்த கைவைத்தியம்: கேஸ் கசிகிற இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டால் வருகிறதையெல்லாம் சாக்கே குடித்துவிடும், குடித்து நிறைந்ததும் மறுபடி தண்ணீர் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி அவன் அரைமணிக்கு ஒருதரம் காட்டினான். அவ்வளவு தேவையில்லை. பயத்தில் காட்டினது அது. கூடுதலாகவே காட்டியிருக்கிறான். அப்படிப் பார்த்தால் அந்தக் கூடுதல் எல்லாம் இப்போது கணக்கில் நிற்கும், நிற்காதா, சாக்குக்கு என்ன கணக்குத் தெரியும்.

ஷிப்ட் மாறுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ராத்திரி பார்த்தவனே பகலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் மற்றவன் அடுத்த வாரம் ராத்திரிக்கு மாற முடியும். ஆள் ரெண்டே பேர், கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். இன்றைக்குப் பகல் கோயில்பிச்சையுடையது. அதை அவன் விடிகாலையில் போன் போட்டு, அந்த இன்னொரு ஆளான பலவேசத்தின் தலையில் கட்டினான். கட்டினான் என்று சொல்லக் கூடாது, கேட்டான், அவர் வருகிறேன் என்றார். கேட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார், தூக்குவாளியும் கையுமாக, தலையில் தண்ணீர்கூடக் காயாமல். "வீட்ல யாருக்குடே, பிள்ளைக்கா?" என்றார் கேட்டிலேயே. மகள் கல்யாணமாகி கோவில்பட்டியில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும், பதற்றத்தில் கேட்டது. "இல்ல அண்ணாச்சி, கிருபைக்குத்தான். மூச்சு முட்டுதுங்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்." மூச்சு முட்டுது. எத்தனையோ வியாதி இருக்க, வயிற்றுவலி இல்லையா, காய்ச்சல் இல்லையா, அவன் வாயில் ஏன் அது வந்தது. பலவேசம் அவன் தோளில் கை வைத்தார். "போலே. நின்னு பேசிட்டிருக்க. நான் பாத்துக்கிடுதேன்." அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, முழுசாக, ஒரு எழுத்து குறையாமல்: அண்ணாச்சி, பின்னால தொட்டி வால்வுல கசிவு, சாக்கு கட்டியிருக்கேன், காயாம பாத்துக்கிடுங்க. இவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகியிருக்கும். எப்பலே இருந்து என்று கேட்பார். ராத்திரியிலிருந்து என்றால், நட்டைத் தொட்டியா என்று கேட்பார். தொட்டான். மயிரிழை போல ஒரு சத்தம் வால்வின் கழுத்திலிருந்து வந்தது, ஒரு சுற்று முறுக்கினால் நின்றுவிடும் என்று ஸ்பேனரை வைத்து முறுக்கினான், நிற்கவில்லை, சத்தம் தடித்தது. மிசினை நிறுத்தியும் பிரயோசனமில்லை, அந்த வால்வு தொட்டியின் வாயிலேயே இருப்பது, உள்ளே கிடக்கிற கேஸ் எங்கே போகும். அப்ப ரெண்டு பேருமா நிப்போம்டே, ஆள் வாரவரைக்கும், என்பார். அவர் அப்படித்தான் சொல்வார். பொண்டாட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னவனை நிற்கச் சொல்லமாட்டார், சரி, ஆனால் அவர் ஒற்றையாய் நிற்கிறேன் என்று சொல்லி, அதைக் கேட்டுவிட்டு அவன் எப்படி கேட்டைத் தாண்டுவான். சொன்னால் நிற்க வேண்டும். அதனால் சொல்லவில்லை. அதனால் என்று இப்போதுதான் தெரிகிறது, அப்போது மறந்துபோனது மாதிரி இருந்தது. நிஜமாகவே மறந்துபோனது மாதிரி, சைக்கிள் பூட்டில் சாவி சிக்கிக்கொண்டதில் கவனம் போய்விட்டது மாதிரி.

தங்கூசியை ஆட்காட்டி விரலின் மேல் போட்டு, கட்டைவிரலால் லேசாக அழுத்தி, கடலின் மூச்சு விரலில் ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்பதுதான். மிசினையும் அவன் கேட்டுத்தான் படித்தான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஐஸ் கட்டி சுமக்க வந்தவன், சுமந்துகொண்டே காதைத் தீட்டினான். மூக்கு இருந்தபோது மூக்கும் உதவியது. கேஸ் குடித்துக் குடித்து மூக்கு செத்து எத்தனையோ வருசமாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது, முதலில் பூ வாசனை போனது, அப்புறம் குழம்பு, அப்புறம் ஒருநாள் கருவாட்டுச் சந்தைக்குள் நின்றுகொண்டு இங்கே ஏன் ஒன்றுமே இல்லை என்று திகைத்தான். கிருபை புதுச் சேலை உடுத்தி வந்து நின்றால் சேலை தெரிகிறது, கிருபை தெரிவதில்லை. கடலும் இப்படித்தான், பெரிய ஒரு நீல நிறம், வாசனை கிடையாது, யாரோ படம் வரைந்து வைத்த மாதிரி. இந்தக் களவா மட்டும்தான் சமீபத்தில் அவனை நேரே வந்து தொட்டது. அந்த ஒரு இழுப்பு. தோள்பட்டை வரைக்கும் ஓடியது, ராத்திரி மிசின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் தோள் அதை நினைத்துக்கொண்டது. கீழே இருட்டுக்குள் ஒன்று இருக்கிறது, அதற்கு அவனைத் தெரியும். அதற்காகத்தான் வந்திருக்கிறான். கோயில் மணி அடித்தது, இரண்டாம் ஆராதனை. கிருபை இப்போது கோயிலில் இருப்பாள், முன்வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால், மூச்சு முட்டாமல், சத்தமாகப் பாடிக்கொண்டு. அவளிடம் டபுள் ஷிப்ட் என்று சொல்லியிருக்கிறான், காலைப் பலகாரத்துக்கு மட்டும் வந்தேன், திரும்பப் போகிறேன் என்று. போனை வேண்டுமென்றே வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தான். யாராவது கூப்பிட்டால் பின்னால் அலைச் சத்தம் கேட்டுவிடும், ஆஸ்பத்திரியில் ஏது அலை. நல்ல புத்தி. அப்போது நல்ல புத்தியாகத்தான் பட்டது. இப்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கல்லெல்லாம் தாண்டி, மணலெல்லாம் தாண்டி, சைக்கிளை எடுத்து, ஊரின் நடு முதுகில் ஏறிப் போக வேண்டும். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கச்சான் காற்று. ஊரில் என்ன நடந்தாலும் அதன் வாடை இங்கேதான் வரும், இந்தக் கல்லுக்குத்தான் வரும், இங்கே உட்கார்ந்திருப்பவனுக்கோ மூக்கு இல்லை.

கூட வேலை பார்த்து, கேஸில் மாட்டிச் செத்த செபத்தியானை வெளியே தூக்கிக்கொண்டு வந்த நாள் ஞாபகத்தில் வரக் கூடாது என்று அவன் நினைக்கும்போதே அது வந்து உட்கார்ந்தது. வேறு ஊர், வேறு கம்பெனி, அது இப்போது கிடையாது, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ரத்தம் இல்லை. காயம் இல்லை. மனிதன் தூங்குகிற மாதிரி இருந்தால்கூடப் பரவாயில்லை, கையில் நனைத்த துண்டு இருந்தது, அதை மூக்குக்குக் கொண்டுபோகிற பாதி வழியில் கை நின்றுவிட்டது, அந்தப் பாதி வழிதான் இத்தனை வருசமாக அவனுக்குள் நிற்கிறது. ஒரு சாண் தூரம். ராத்திரி அவன் சாக்கை, துணிகட்டின முகத்துக்குள் மூச்சை நிறுத்திக்கொண்டு சுற்றினான், கண் எரிந்து நீர் கொட்டியது. சுற்றி முடித்து வெளியே வந்து தரையில் உட்கார்ந்தபோது பகலையும் இதோடு சேர்த்து இருக்க முடியாது என்று உடம்பு சொன்னது. மனசு இல்லை, உடம்பு. அப்புறம்தான் களவா ஞாபகம் வந்தது. இல்லை, களவா முதலிலேயே ஞாபகத்தில் இருந்தது, ஒரு வாரமாகவே ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்று, இல்லை, அது வேறு ஞாயிறு. எது முதலில் என்று யார் கேட்கப்போகிறார்கள். விரலில் எடை மாறியது. அலை இல்லை. அலை இழுத்தால் விடும், இது விடவில்லை. சும்மா இருந்தது, யோசிக்கிற மாதிரி. கோயில்பிச்சை மூச்சைப் பிடித்தான். ஒரு தடவை முட்டியது. இன்னொரு தடவை. அப்புறம் கடலே ஒரு பக்கமாகச் சரிந்தது போல தங்கூசி விரலை அறுத்துக்கொண்டு ஓட, அவன் இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கல்லில் முட்டுக்கொடுத்து, முதுகை வளைத்து இழுத்தான். ஒரு முழம் வந்தது. ஒரு முழம் போனது. சதையில் சூடு ஏறியது. வா, வா, என்று சொல்லிக்கொண்டே இருந்தான், யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமல். சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. தங்கூசி விறைத்துக்கொண்டு நேரே கல்லுக்கடியில் இறங்கி நின்றது, பாறையோடு கட்டிவிட்ட மாதிரி. பொந்துக்குள் போய்விட்டது.

களவா பொந்துக்குள் போனால் செவுளை விரித்துக்கொள்ளும், முதுகு முள்ளை மேலே தூக்கிக் கல்லில் முட்டுக்கொடுக்கும், அப்புறம் யானை இழுத்தாலும் வராது. இழுத்தால் அறும். ஒரே வழி, தளர்த்திவிட்டுச் சும்மா இருப்பது. யாரும் இழுக்கவில்லை, ஆபத்து போய்விட்டது என்று அதுவாக நம்பி வெளியே வர வேண்டும். அரைமணி ஆகலாம், மத்தியானம் ஆகலாம். அவன் தங்கூசியைத் தளர்த்தினான். உட்கார்ந்தான். சாக்கு இப்போது காய ஆரம்பித்திருக்கும். தகரம் விரிய ஆரம்பித்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல் சந்துகளில் நண்டு குத்துகிற ஒரு ஆள் கம்பியும் ஓலைப்பெட்டியுமாகத் தாவித் தாவி வந்தான்; அமலதாசன் என்று பெயர், இந்தக் கற்களில் அடிக்கடி பார்க்கிற முகம். "என்ன அண்ணாச்சி, கல்லப் பிடிச்சிருக்கீரா?" என்றான். "களவா. உள்ள போயி அடஞ்சிட்டு." "அப்பம் நீரு அதப் பிடிக்கல, அது உம்மப் பிடிச்சிருக்கு." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கோயில்பிச்சை சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, காத்துல ஏதும் வாடை அடிக்கா?" என்றான். அமலதாசன் மூக்கைத் தூக்கினான், நாய் மாதிரி இரண்டு பக்கமும் திருப்பினான். "மீன் வாடை அடிக்கி. கடக்கரைல பின்ன மல்லியப்பூவா மணக்கும்?" "அது இல்ல. கண்ணு எரியுத மாதிரி. கேஸ் வாடை." "ஒமக்கு அடிக்கா?" "எனக்கு மூக்கு கிடையாது." அமலதாசன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான், மூக்கைப் பார்த்தான், இருக்கிறதே என்கிற மாதிரி. "அறுத்து விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, மூஞ்சே சரியில்ல. வெயிலு மண்டையப் பொளக்கு. மீனு நாளைக்கும் அங்கனதான் கெடக்கும், எங்க போவப்போவுது." கம்பியை ஊன்றித் தாவிப் போய்விட்டான். போன பிறகுதான் தோன்றியது, அவனிடம் போன் இருந்திருக்கும். சட்டைப்பையில் துருத்திக்கொண்டுதான் இருந்தது. கூப்பிடலாம். ஏ அமலதாசா என்று ஒரு சத்தம், எதிர்காற்றிலும் கேட்கிற தூரம்தான். பலவேசத்தின் நம்பர் மனப்பாடம். ஆனால் என்ன சொல்வது. ஆஸ்பத்திரியில் இருந்துதான் பேசுகிறேன் என்றா, அலை இரைந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி, சொல்ல மறந்துட்டேன் என்றா. மறந்தவனுக்கு இப்போது எப்படி ஞாபகம் வந்தது. அமலதாசன் கல் வளைவில் திரும்பி ஓலைப்பெட்டியும் மறைகிறவரை கோயில்பிச்சை அந்தச் சத்தத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டே இருந்தான்.

பலவேசம் கெட்டிக்காரர். அதுதான் தைரியம். அவன் பார்க்காததை அவர் பார்ப்பார். உள்ளே நுழைந்ததும் ஒரு சுற்று வருவார், மீட்டரைத் துணியால் துடைத்து, முள்ளைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் வழிந்த இடத்தில் மரத்தூள் போட்டு, ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு சுற்று. சந்துக்குள்ளும் நுழைவார். சாக்கைப் பார்ப்பார். பார்த்ததும் தெரிந்துவிடும், இதற்கு எதற்குச் சொல்ல வேண்டும், ஒரு ஆபரேட்டர் இன்னொரு ஆபரேட்டருக்கு. அந்த நினைப்பில் உடம்பு தளர்ந்தது, கல் வழவழப்பாகக்கூட இருந்தது, தோளில் வெயில் சுகமாகக்கூட இருந்தது, அந்தச் சுகத்துக்குள்ளேயே வேறு ஒன்று கிளம்பி மெதுவாக மேலே வந்தது, ஆழத்திலிருந்து முதுகு தெரிகிற மாதிரி. அவருக்கு அழுக்கு ஆகாது. ஒரு பீடித் துண்டு கிடந்தால் பொறுக்குவார். போன வாரம் லோடு ஏற்றுகிற பயல்கள் மிசின் மேல் துண்டைக் காயப்போட்டார்கள் என்று அவ்வளவு வசவு வைதார், உருவி எடுத்துச் சுருட்டி வெளியே எறிந்தார். பழைய உமிச் சாக்கு அது. மூலையில் கிடந்ததைத்தான் எடுத்துச் சுற்றினான், கயிறுகூடச் சரியாகக் கட்டவில்லை, நுனியைச் செருகி விட்டான். காய்ந்தால் அது சாக்கு மாதிரி இருக்காது, யாரோ போட்டுவிட்டுப் போன குப்பை மாதிரி இருக்கும். கண்ணுக்கு நேரே, முகம் உயரத்துக்கு இருக்கிற வால்வு. அவர் குனிய வேண்டாம். சந்துக்குள் ஒருக்களித்து நுழைந்து, முகத்தை அதற்கு நேரே வைத்துக்கொண்டு, எந்தப் பய போட்டது இது என்று முனகிக்கொண்டே, இடது கையால். கோயில்பிச்சை எழுந்து நின்றுவிட்டான். நின்றவன் அப்படியே நின்றான். கையில் தங்கூசி. மடியில் கத்தி. கத்தியை எடுத்துப் பிரித்தான். பிரித்துத் தங்கூசியின் மேல் வைத்தான். ஒரு கீறல் போதும். ஒரு கீறல், அப்புறம் கல்லைத் தாண்டி ஓட வேண்டியதுதான். ஒருவேளை அவர் சந்துக்குள் போகாமல் இருந்திருந்தால். ஞாயிற்றுக்கிழமை, லோடு ஆட்கள் கிடையாது, பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அல்லது ஏற்கெனவே போய், ஏற்கெனவே உருவி, ஏற்கெனவே ஆகியிருந்தால். ஆகாமல் இருந்தால் ஓட வேண்டியதில்லை, ஆகியிருந்தால் ஓடிப் பிரயோசனமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருந்தது, அது அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது, கத்தி தங்கூசியின் மேல் அப்படியே நின்றது. அடியில் ஏதோ அசைந்தது. இழுப்பு இல்லை, ஒரு சந்தேகம் போல. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஆபத்து போய்விட்டது என்று அது நம்ப ஆரம்பித்திருந்தது. கத்தியை மடக்கினான்.

எப்படி ஏற்றினான் என்பது அவனுக்கே பிறகு சரியாக ஞாபகமில்லை, உள்ளங்கையில் இரண்டு கோடு அறுந்திருந்தது, முழங்காலில் தோல் இல்லை. கல்லின் மேல் அது கிடந்தது, ஒரு சின்னப் பிள்ளை உயரம், வாயைத் திறந்தால் செம்பு உள்ளே போகும், உடம்பெல்லாம் ஆரஞ்சும் பழுப்புமாகப் புள்ளி, தண்ணீரில் பார்த்ததைவிட வெளியே இன்னும் அதிகமாக, எண்ண எண்ண வந்துகொண்டே இருக்கிற புள்ளி. கண் அவனைப் பார்க்கவில்லை. சந்தோசம் வரும் என்று காத்திருந்தான். காலி வீட்டில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி எங்கேயோ ஒரு சத்தம், அவ்வளவுதான். சைக்கிள் கேரியரில் செருகி வைத்திருந்த சாக்கைக் கடலில் முக்கி, மீனை உருட்டிச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டினான். ஈரத்தில் களவா வெகுநேரம் உயிரோடு கிடக்கும், செத்தால் புள்ளி மங்கிவிடும். பிறகு மிதித்தான். மிதித்த மிதியில் செயின் கதறியது. நேரே கம்பெனிக்கு, வீட்டுக்கு இல்லை, முதலில் கம்பெனி, கேட்டுக்கு வெளியே நின்று மிசின் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். தெருக்குழாயைக் கண்டதும் கால் தானாக ஊன்றியது. சாக்கை நனைத்தான். மறுபடி மிதித்தான். உப்பளத்து ரோட்டில் பம்புசெட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அங்கேயும் நின்றான், இரண்டு கையாலும் அள்ளி அள்ளி மடிப்புகளைப் பிரித்து ஊற்றினான், அவசரமாக, ஆனால் ஒழுங்காக. டீக்கடை வாசலில் ஒரு குடம் இருந்தது, கேட்டு வாங்கி ஊற்றினான். "என்ன அண்ணாச்சி, பெரிய உருப்படியா?" என்று யாரோ கேட்டார்கள். தலையை ஆட்டினான். கம்பெனித் தெரு திரும்பியதும் முதலில் காது தேடியது. மிசின் ஓடிக்கொண்டிருந்தது. தம், தம், தம், அதே சத்தம். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஒன்றுமில்லை, ஒன்றும் ஆகவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளே இல்லாமல் எதிர்ச்சாரியில், புளியமரத்தடியில், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். கோயில்பிச்சையின் கண்ணில் மெல்ல ஊசி ஏறியது. மிசின் ரூம் வரை மிதித்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினான், மீன் சாக்கு கேரியரிலிருந்து நழுவி வாசலில் விழுந்தது.

சந்தின் வாயில் ஒரு முக்காலி போட்டுப் பலவேசம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய வாளி, கையில் மக். வால்வில் இரண்டு சாக்கு, ஒன்றின் மேல் ஒன்று, கயிறு கட்டி, சொட்டச் சொட்ட. இடது கண்ணின் மேல் நனைத்த துண்டைப் பொத்தியிருந்தார். துண்டுக்கு வெளியே தெரிந்த கன்னம் வெந்த மாதிரி சிவந்து பளபளத்தது. மக்கை வாளியில் முக்கி எடுத்தார், வால்வின் மேல் ஊற்றினார், முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வலது கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"யாரு, பிச்சையா."

"அண்ணாச்சி."

"லோடு பயலுவ போட்டுட்டுப் போன சாக்குன்னு உருவிட்டேன்டே. கண்ணுல அடிச்சிட்டு. தண்ணித் தொட்டிக்குள்ள மூஞ்சிய முக்கிக்கிட்டேதான் கெடந்தேன். இந்தப் பக்கம் வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியல."

"ஆஸ்பத்திரிக்குப் போவல்லியா?"

"யாரப் போட்டுட்டுப் போவ? செவருக்கு அந்தப் பக்கம் வீடுவ இருக்கு, பிள்ளைய வெளையாடுதுவ. வாட்ச்மேன் கேஸ்னு சொன்ன ஒடனே கேட்டத் தாண்டிட்டான். மேனேஜரு திருநவேலில இருந்து ஆள அனுப்புதேங்கான், பொழுதடையும்." மறுபடி மக்கை முக்கினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கோயில்பிச்சையை நிற்கவிடாமல் செய்தது. "ஒனக்குப் போன் போட்டேன். நீ வந்து கொஞ்ச நேரம் ஊத்துனா ஒரு எட்டு கண்ணக் காட்டிட்டு வந்துருவேன்னு. பொறவு வேண்டாம்னு தோணிச்சு, அவனே பொஞ்சாதிய வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடப்பான்னு. அதுக்குள்ள அவளே எடுத்துட்டா."

பலவேசம் வால்வின் மேல் ஒரு மக் ஊற்றினார்.

"சொகமாத்தான் இருக்கா. அவரு டூட்டிக்குல்லா போயிருக்காரு, கறி எடுத்து வச்சிருக்கேன், சாயங்காலம் வருவாருன்னா. நான் சரி தாயின்னு வச்சிட்டேன்."

எழுந்தார். முக்காலி ஆடியது, சுவரைப் பிடித்துக்கொண்டார். மக்கை அவன் கையில் கொடுக்கவில்லை, வாளியில் போட்டார், அது மிதந்தது. சுவரைத் தடவிக்கொண்டே கதவு வரைக்கும் போனவர், வாசலில் கிடந்ததைத் தெரியாமல் இடறினார். குனிந்து கையால் தடவிப் பார்த்தார். சாக்குக்குள் அது ஒருமுறை வாலை அடித்தது. அவருடைய விரல்கள் மடிப்பு மடிப்பாகப் போயின, பிழிந்து பார்த்தன, தண்ணீர் அவர் கையில் வடிந்தது.

"நல்லா ஈரமா வச்சிருக்கியே," என்றார்.

அவர் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது, ஒரு காலைத் தேய்த்து, நின்று, மறுபடி தேய்த்து, கேட்டுக்கு வெளியே வாட்ச்மேனை ஆட்டோ பிடிக்கச் சொல்லி ஒரு குரல். பிறகு மிசின் மட்டும். கோயில்பிச்சை முக்காலியில் உட்கார்ந்தான். அது இன்னும் சூடாக இருந்தது. மக்கை முக்கினான், ஊற்றினான். தகரம் டப்பென்று விரிந்தது. வாசலில் மீன் வாலை அடித்தது, அடித்தது, அதன் சாக்கில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு மக் ஊற்றிவிட்டு வரலாம், நாலு எட்டுதான். அவன் வால்வைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். முக்கினான், ஊற்றினான், முக்கினான், ஊற்றினான். ஒரு சமயத்துக்குப் பிறகு வாசலில் சத்தம் இல்லை. அவன் திரும்பவில்லை.